நாக்கை உருட்டுற பாடம்

...என்ன சார், வாத்தியான் கையக் கட்டிக்கிட்டு மன்னிப்பு கேப்பான், கேட்டுட்டு ஜம்முனு வீட்டுக்குப் போலாம்னு வந்தீங்களா? அதான் இல்ல! உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல... ஆங். பாப்பா, நீ அந்த எலும்புக்கூடு பக்கத்துல நில்லும்மா. அது ஒண்ணும் பண்ணாது.

மன்னிப்பு கேக்க வேண்டியவன் நானில்ல சார். இந்தா, இவன்! உயிரியல் புக்கு. அட்டை என்னா பளபளப்பு! உள்ள? தூ! எழுதுன மகானுபாவர் எப்படிப் பேசுவார் தெரியுமா, மூக்கால... "நாக்கை உருட்டுதல் ஓர் ஓங்கு பண்பு. பெற்றோர் இருவராலும் இயலாதெனில் பிள்ளையாலும் இயலாது." இயலாதாம்ல! ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டப் புள்ளைங்கள்லயே ஒண்ணு நாக்கோட ரெண்டு ஓரத்தையும் மேல மடிச்சு உருட்டும், இன்னொண்ணு திருதிருன்னு முழிக்கும். எல்லாம் ஒத்த ஜீன் வேலைன்னா அது எப்படி சார்?

அடுத்த பக்கம் இன்னும் கூத்து! ஓங்கு பண்புன்னா ஊர்ல நெறைய பேருக்கு இருக்குமாம். ஆறு விரலோட பொறக்குறதுகூட பெரும்பாலும் ஓங்கு பண்புதான். எங்க, கையக் காட்டுங்க... அஞ்சு. எனக்கும் அஞ்சு. எலும்புக்கூட்டுக்கும் அஞ்சு! அப்புறம் என்னடா ஓங்குச்சு? ஜன்னல் தொடைக்கக்கூட லாயக்கில்லாத புக்கு சார் இது!

இத நம்பி நீங்க பண்ணது இருக்கே... ஹெட்மாஸ்டர் எல்லாம் சொன்னார். உங்களுக்கு உருட்ட வரல, வீட்டம்மாவுக்கும் வரல, பாப்பாவுக்கு மட்டும் குழல் மாதிரி வருது. உடனே வீட்ல பேச்சு கட். அவங்க பெட்டியக் கட்டிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. எதுக்கு? நாக்குக்கு! ஒரு நாக்குக்கு! உங்க மூக்கு அப்படியே பாப்பாவுக்கு இருக்கேன்னு நான் சொல்லலாம்... மாட்டேன். அதுவும் இதே அரைவேக்காட்டுப் பேச்சுதான்.

இன்னைக்கே போயி அவங்களக் கூட்டிட்டு வாங்க சார். புக்கு பொய்யி! என் க்ளாஸ்ல இந்தப் பக்கத்த நான் நார்நாராக் கிழிப்பேன். பாப்பாவையே கேளுங்களேன். சொல்லும்மா, பயப்படாத. அன்னைக்கு க்ளாஸ்ல நான் என்ன சொன்னேன்?

"புக்கு தப்புன்னு நீங்க சொல்லவேயில்ல சார். 'வீட்ல எல்லாரையும் நாக்க உருட்டச் சொல்லிப் பாருங்க, கணக்கு சேரலன்னா அம்மாவத் தனியாக் கூப்ட்டு, நெசமான அப்பா யாரும்மான்னு கேளுங்க'ன்னு சொன்னீங்க. அம்மா முழிக்கிற மாதிரியும் முழிச்சுக் காட்டினீங்க. க்ளாசே சிரிச்சுது. நானும் சிரிச்சேன் சார்... அப்பா சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு, அப்பத்தான் அம்மாகிட்ட அப்படியே கேட்டேன்."