மை இல்லாத கொக்கு

கொக்கை நசுக்கிட்டே. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு மேல என்னடா பேச்சு? பெட்டியைப் பின்னாடி போட்டுட்டு ஏறு. கார் ரேஸ் பார்க்க வந்த வெள்ளைக்காரனெல்லாம் இன்னைக்குத்தான் திரும்புறான், ஏர்போர்ட் போற முஹரக் பாலத்துல வண்டி நகராது.

என்ன? ஈரத்துல பொங்கின பேப்பர்னு நினைச்சியா? நினைப்பேடா. குதைபியாவுல ஃப்ரேம் கடையில நிக்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். கடல் காத்துல பேப்பர் நெளிஞ்சா ஹாட் பிரஸ்ல வச்சு எடுக்கிறோம். கல்யாணப் போட்டோ, ஷேக் படம், காலண்டர் முருகன், எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம். ஆனா அது ஜப்பான்காரம்மா கொண்டாந்த மரக்கட்டை அச்சு. பனியில நிக்கிற கொக்கு. வெள்ளைக்கு மையே கிடையாதுன்னு அந்தம்மா சொல்லும்போது எங்கடா பார்த்துட்டிருந்தே? செதுக்கின கட்டையில ஈரத்தாளை வச்சு அமுக்குவானாம், இறகு மேடு மேடா எழும்பி நிக்குமாம். சுடச்சுட அமுக்கி நீ அதைத் தரையாக்கிட்டே. மிச்சம் ஒரு அலகு, ஒரு கண்ணு, ரெண்டு காலு.

அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்த்துச்சு. செத்துப்போன அப்பன் வாங்கின படமாம். திட்டியிருந்தா முதலாளி உன்னை விட்டிருப்பான். அது படத்தை மேஜையிலயே போட்டுட்டு அழுதுட்டுப் போச்சு. கலாஸ், முடிஞ்சுது உன் கதை.

நீ அழாதே. நீ அழுதா இறகு முளைக்குமா? துண்டை எடு, சீட்டை நனைக்காதே.

நானா? கடை வண்டி ஓட்டுறவன் நான் எதுக்கு முதலாளிகிட்ட பேசணும்? உனக்காகப் போய் நின்னா என் விசாவையும் சேர்த்துக் கேன்சல் அடிப்பான். பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றதா? கொக்கு பறந்துடுச்சுன்னு சொல்லு.

ஏர்போர்ட் வந்தாச்சு, இறங்கு. பாஸ்போர்ட் இந்தா. உள்ள போய் உக்காந்து கொக்கையே நினைச்சுட்டிருக்காதே. படம் சரியாயிடுச்சு.

ஆமாடா. லேசா ஈரம் காட்டி, பின்பக்கமா எலும்புக் கத்தியால ஒவ்வொரு இறகா நெம்பி எழுப்பியாச்சு. இன்னைக்குக் காலையில அந்தம்மா வந்து சிரிச்சுட்டே வாங்கிட்டுப் போச்சு.

எப்பவா? நீ நசுக்கின மறுநாளே முடிச்சுட்டானாம். உன் விசா கேன்சல் ஆகிற வரைக்கும் துணி போட்டு மூடி வச்சிருந்தான். நேத்து கேன்சல் ஆனதும் முதலாளிகிட்ட எடுத்துக் காட்டினான். முதலாளி உன் மேஜையை அவனுக்கே குடுத்துட்டான். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

யாரா? முதலாளி கையைக் காலைப் பிடிச்சு விசா வாங்கி, ஊர்லேருந்து கூட்டியாந்து, பக்கத்துலயே நிக்க வச்சு வேலை சொல்லிக் குடுத்தியே, உன் தங்கச்சி புருஷன், விஜயபாஸ்கர்.