விருந்தாளிகள் வருகிறார்கள், அத்தை

இந்தத் தேநீரில் சர்க்கரை போடவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, தம்பி. காவல் நிலையத்தில் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். ஆனால் என் மாமியார் பார்த்திருந்தால் உங்களை வளர்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எங்கள் மேக்கன் நகரத்தில் ஒருவருக்குச் சர்க்கரை போடாத ஐஸ் டீயைக் கொடுத்தால், சீக்கிரம் கிளம்புங்கள் என்று அர்த்தம்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. என்ன செய்தேன் என்பதில்தான் நமக்குள் சின்னக் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வெர்னெல் டோலிவர். வயது அறுபத்தொன்று. என் மாமியார் ஒடெஸ்ஸா டோலிவருக்கு எண்பத்தாறு. ஹோயட் என்ற ஒரு மனிதன் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கவே மாட்டோம். அவருக்கு மகன், எனக்குக் கணவன். அந்த மனிதர் ஒருநாள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய், படகிலேயே மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர் விட்டுப்போனது அத்தையைத்தான்.

கொஞ்ச நாளில் அத்தைக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. ஹோயட் இறந்தது மறந்துபோயிற்று. இரவு உடையோடு தெருவுக்கு ஓடி அவரைக் கூப்பிடுவார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். நான் அடுப்பைப் பற்றவைக்கும் திருகுகளைக் கழற்றி என் சமையல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன். கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று ராத்திரி பூரா நடந்து நடந்து பார்த்தேன். ஆறு வருடம். நடுவில் ஒருநாள்கூட நான் முழுசாகத் தூங்கியதாக நினைவில்லை. தேவாலயத்தில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். "வெர்னெல், கர்த்தர் உனக்குப் பரலோகத்துல தனி பங்களாவே கட்டி வச்சிருப்பாரு," என்பாள் நெட்டி. என் தோழி என்று சொல்லிக்கொள்பவள். அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு கேக்கை என் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவாள்.

அத்தையிடம் ஒரே ஒரு மந்திரம்தான் பலித்தது. அதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். "விருந்தாளிங்க வர்றாங்க, அத்தை," என்று சொன்னால் போதும். தெருவில் நிற்பவர் உடனே உள்ளே வந்துவிடுவார். தலை வாருவார், உதட்டுச் சாயம் பூசுவார், முத்து மாலையை எடுத்துப் போட்டுக்கொள்வார். சொந்த மகன் செத்தது நினைவில்லாதவருக்கு, கேக் முள்கரண்டி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மறக்கவே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களை அப்படித்தான் வளர்ப்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் வந்தவரை முதலில் உட்காரச் சொல்லுவோம்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. விருந்தாளி வந்து உட்காரும்வரை அத்தை எதையும் தொட மாட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட. வீட்டுக்காரி முந்திக்கொண்டு சாப்பிடுவது அவருக்கு அவ்வளவு பெரிய அவமானம். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நானே விருந்தாளி ஆனேன். சமைத்து வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தொப்பி வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து வாசல் மணியை அடிப்பேன்.

"வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்களே, உள்ள வாங்க," என்று அத்தை கதவைத் திறப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

உட்கார்ந்ததும் என்னைப் பற்றித்தான் பேச்சு. "எம் மருமக ஒருத்தி இருக்கா. சமைக்கிறேன்னு உசுர வாங்குவா. கோழி வெந்திருக்கா பாருங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, அவ வளர்ந்த வீடு அப்படி."

"நல்லாத்தான் இருக்கு," என்பேன் நான்.

"நீங்க பெரிய மனசுக்காரங்க, அதான் அப்படிச் சொல்றீங்க," என்று இன்னொரு துண்டை என் தட்டில் வைப்பார். அப்புறம் அவரும் சாப்பிடுவார். தினமும் மூன்று வேளை இப்படி. மழையிலும் சுற்றி வந்து மணி அடித்திருக்கிறேன், தம்பி.

போன வசந்த காலத்தில் முதியோர் இல்லங்களைத் தேட ஆரம்பித்தேன். மருத்துவமனைப் பக்கம் இருந்த ஒன்றில் தரை கழுவும் மருந்து வாசனை. இன்னொன்றில் கூண்டில் குருவிகள் இருந்தன, ஆனால் அங்கே இருந்தவர்களும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இல்லம் மேட்டுத் தெருவில். பெரிய வராண்டாவில் வெள்ளை ஆடுநாற்காலிகள். மதியச் சாப்பாடு போட்டார்கள். வறுத்த கோழி, வெண்டைக்காய், பீச் பழ இனிப்பு. யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அழுதுவிட்டேன். சுற்றிக்காட்டிய பெண், மாமியாரைப் பிரியப்போகிறேனே என்று அழுவதாக நினைத்துக் காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

செலவு கொஞ்சநஞ்சமல்ல. அறைக்கு ஒரு வாடகை, அதற்கு மேல் ஒவ்வொரு உதவிக்கும் தனி. குளிப்பாட்டினால் தனி, மாத்திரை எடுத்துக் கொடுத்தால் தனி, சட்டைப் பொத்தான் போட்டால் தனி. அத்தை பெயரில் ஊருக்கு வெளியே பைன் மரக்காடு இருந்தது. அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் இருந்தது. மரங்களை வெட்டி விற்றேன். கணக்குப் பார்த்தால் அந்தக் காடு ஒருவருக்குத்தான் காணும். வீட்டில் இருப்பவருக்கு ஆள் வைக்கவோ, இரண்டு பேரும் போகவோ முடியாது. ஒருவர்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேர்ப்பதற்கு முன்னால், எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க இல்லத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் கேய்லின். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். அந்த வயதுக்காரிக்கு அறுபதும் எண்பதும் ஒன்றுதான். யாரோ வரப்போகிறார்கள் என்று அத்தையிடம் நான் சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் முத்து மாலையும் உதட்டுச் சாயமுமாக நின்று கதவைத் திறந்தார். நான் முந்தின இரவு முழுக்க அவரைத் தெருவில் துரத்திய கோலத்தில், தலைகூட வாராமல் சோபாவில் கிடந்தேன்.

"மிஸஸ் டோலிவரைப் பாக்க வந்தேன்," என்றாள் கேய்லின்.

"உள்ள வாம்மா. யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று ஆரம்பித்த அத்தை, கேய்லினின் தாத்தாவுக்கு எந்த ஊரில் பஞ்சு ஆலை இருந்தது என்பதுவரை கண்டுபிடித்து, கேக் வெட்டி வைத்து, ஐஸ் டீயை நிரப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கேய்லின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டாள்.

"இவங்க ராத்திரி நல்லா தூங்குறாங்களா?"

"எங்க தூங்குறா?" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "ராத்திரி பூரா வீட்டைச் சுத்திச் சுத்தி நடக்குறா. கதவை இழுத்து இழுத்துப் பாக்குறா. அடுப்புத் திருகை எல்லாம் கழட்டிப் பையில வச்சுக்கிட்டு அலையுறா. நம்பலைன்னா பாரு."

கேய்லின் என் ஏப்ரன் பையைப் பார்த்தாள். நான் திருகுகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அது மட்டுமா. பின்வாசல் வழியா போயி முன்வாசல்ல மணி அடிக்கிறா. யாரோ மாதிரி வந்து உக்காந்து சாப்பிடுறா. பாவம், நான் காட்டிக்கிறதே இல்ல."

அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, தம்பி. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, அந்த ஒரு நொடி மட்டும் தெரிந்ததோ என்னவோ. நான் வாயைத் திறந்தேன். நான்தான் மருமகள், நோயாளி அவர் என்று சொல்லத்தான் திறந்தேன்.

"பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்," என்றாள் கேய்லின்.

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. செவ்வாயா, வியாழனா என்று தேடினேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹோயட்டைப் புதைத்த நாளுக்குப் பிறகு யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. "பரவாயில்ல பாட்டி, இனிமே நாங்க பாத்துக்குறோம்," என்றாள். படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "எண்பத்தாறா! உங்க தோல் என்ன அழகா இருக்கு," என்றும் சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். படித்து, பயிற்சி பெற்று, அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருத்தி எங்கள் இருவரையும் நேரில் பார்த்து, உதவி தேவைப்படுவது எனக்குத்தான் என்று முடிவு செய்தாள். அதை மறுத்துப் பேச நான் யார்? காகிதங்கள் எல்லாம் அத்தையுடையவை. ஆள் மட்டும்தான் நான்.

ஆகஸ்டில் இல்லத்து வண்டி வந்தது. குளிர்சாதனப் பெட்டி நிறைய சமைத்து வைத்திருந்தேன். கோழி, உருளைக்கிழங்கு சாலட், அவித்த முட்டை, இரண்டு குடுவை ஐஸ் டீ. உணவு வைக்காமல் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடுப்புத் திருகுகளை என்னோடு எடுத்துக்கொண்டேன், அவர் பாதுகாப்புக்காக. தெருவுக்கு ஓடாமல் இருக்க வேண்டுமே என்று, கிளம்பும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"விருந்தாளிங்க வர்றாங்க, அத்தை."

"இப்ப வந்து சொல்றியே," என்று கடிந்துகொண்டு உள்ளே போனவர், திரும்பி வந்து வண்டிக்காரரிடம், "பாத்து ஓட்டுங்க, அவளுக்கு உடம்பு முடியல," என்றார். எனக்குக் கையசைத்தார்.

இல்லத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க விரும்பவில்லை. தலைக்குக் குளிப்பாட்டும் உதவியைக் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்டேன். டெரீசா என்ற பெண் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுவாள். பகலெல்லாம் தூங்கினேன். தேவாலயத்தில் அத்தையை இல்லத்தில் சேர்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன், பாதி உண்மைதானே. அதனால் அந்த வாரம் யாரும் வீட்டுப் பக்கம் போகவில்லை. எல்லோரும் கேக்கோடு இல்லத்துக்கு வந்தார்கள்.

"ஒடெஸ்ஸா எங்க?" என்றாள் நெட்டி.

"முடி சுருட்டிக்கப் போயிருக்காங்க."

"எப்ப வந்தாலும் நீ அவங்க அறையில காவல் இருக்கியே, வெர்னெல். கொஞ்சம் ஓய்வெடு."

அந்த நேரம் பார்த்து டெரீசா எட்டிப் பார்த்தாள். "மிஸ் ஒடெஸ்ஸா, தண்ணி சூடா இருக்கு, வர்றீங்களா?"

நெட்டி என்னைப் பார்த்தாள். "பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுறாங்க," என்றேன். "அடப் பாவமே, வேலைக்கு வர்றவங்களுக்கே மறதியா," என்று தலையில் அடித்துக்கொண்டு, கேக்கை வைத்துவிட்டுப் போனாள். முழுவதும் நான்தான் சாப்பிட்டேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுத் தட்டு ஒன்று நெட்டியிடம் இருந்திருக்கிறது. அதை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், பழக்கத்தில் மணி அடித்திருக்கிறாள். அந்த வாரம் அந்த மணியை அடித்த ஒரே ஆள் அவள்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மேசையில் எட்டுப் பேருக்குத் தட்டு வைத்திருந்ததாகவும், உணவின் மேல் மெழுகுத்தாள் மூடியபடியே இருந்ததாகவும் நீங்கள்தான் சொன்னீர்கள். அத்தை மேசையின் தலைப்பக்க நாற்காலியில் முத்து மாலையோடு இருந்தாராம். கோப்பைகளில் ஐஸ் டீ நிரம்பியிருந்ததாம், ஒரு மிடறுகூடக் குறையவில்லையாம். அவர் மாதிரி விருந்து வைக்க இந்த ஊரில் இனி ஆள் இல்லை.

மணி அடிக்காவிட்டால் அவர் சாப்பிட மாட்டார் என்று உனக்குத் தெரியும்தானே என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரியும். ஆறு வருடம் அடித்தவளுக்குத் தெரியாதா? ஆனால் தினமும் நான் தொலைபேசியில் கூப்பிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கறை இல்லாதவள் கூப்பிடுவாளா? முதலில் குரல் நன்றாகத்தான் இருந்தது. "இன்னும் வரல. எங்கயாவது வழி தப்பியிருப்பாங்க. நீ போனை வை, அவங்க கூப்பிட்டா லைன் கிடைக்காது," என்றார். பிறகு குரல் கொஞ்சம் வறண்டது. "ஏதாவது சாப்பிடுங்க அத்தை," என்றேன். "வந்தவங்க முன்னாடி வாயத் தொடைச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாதக் கடைசி வரைக்கும் அந்த அறைக்குப் பணம் கட்டியிருக்கிறேன், தம்பி. இங்கே வேலை முடிந்ததும் என்னை அங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்றால் நல்லது. சனிக்கிழமை தலைக்குக் குளிக்கும் நாள்.

கடைசியாக நான் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, அத்தை எடுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சரி, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.