ஒலிபெருக்கியில் கேட்ட குறட்டை

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வாசகசாலைத் தலைவர், ஆசிரியர் கோரன் மாஷ் அவர்களே, மேடை நிறைந்த மூத்தோரே, முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் தாய்மார்களே, மதிலேறி நிற்கும் வாலிபால் வெறியர்களே, வணக்கம்!

இந்த மைதானத்தில் பந்து பறப்பதைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் பார்த்தவன் நான். யார் குரலில்? வர்ணனையாளர் கணாரேட்டன் குரலில்! "அடிச்சான்... அடிச்சான்... அய்யோ, வெளிய போயிருச்சே!" என்று அவர் கதறினால் வடகரையே கதறும். எழுபத்திரண்டு வயதுக் குரலா அது? இடி! அந்த இடிக்குத்தான் இணையத்தில் ரசிகர் பக்கம் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு இறுதிப் போட்டி. பதினான்குக்குப் பதினான்கு. மைக்கில் வந்தது இடியா? குறட்டை! நான்கு ஒலிபெருக்கியிலும் குறட்டை! நீங்கள் சிரித்தீர்கள். நான் அதை வீடியோப் படம் பிடித்து அந்த ரசிகர் பக்கத்திலேயே போட்டேன். மறுநாளைக்குள் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

பின்னால் யார், இன்னும் சிரிப்பது? சிரியுங்கள் அண்ணா. அன்று உங்களைவிட அதிகம் சிரித்தவன் நான்.

டீக்கடையில் அவரைச் சும்மா விட்டோமா? "என்ன கணாரேட்டா, காலையிலயே ஏத்தியாச்சா?" "அவருக்கு மைக் எதுக்குடா, பாயைக் குடுங்க!" ஒரு சொட்டும் தொடாத மனிதர், தோழர்களே! அன்றோடு அவர் வீட்டுப் படி இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மனைவி ஜானு ஏடத்தி வாசலிலேயே நிறுத்தினார். "மோனே, தூங்குறப்போ அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. தொண்டை அடைச்சுத் திடுக்குன்னு எந்திரிப்பாரு. விடியிறதுக்குள்ள எத்தனை தடவைன்னு எண்ணி மாளாது. அதான் பகல்ல உக்காந்த இடத்துலயே கண்ணு சொக்கிடுது. வயசானா தூக்கம் கெடும்னு பத்து வருஷம் சும்மா இருந்துட்டோம். இப்பத்தான் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் மூச்சு மெஷின் குடுத்தாரு. மூஞ்சில மாட்டித் தூங்கினாப் போதுமாம். மாட்ட மாட்டேங்கிறாரு. 'இதையும் எவனாவது படம் பிடிப்பான்'ங்கிறாரு."

யார் அந்த எவனாவது? நான்! மருந்து வீட்டுக்குள் இருக்கிறது, மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே நான் நிற்கிறேன்!

நேற்று, இந்தப் போட்டிக்கான அழைப்பிதழோடு போனேன். "கணாரேட்டா, அந்தப் படத்தை அழிச்சுட்டேன்."

"உன் போன்ல அழிச்சே. ஊரான் போன்ல?"

அதற்குப் பதில் உங்கள் சட்டைப்பைகளில் இருக்கிறது! எடுங்கள் போன்களை! அழியுங்கள் இப்போதே! அழித்தவர்கள் கை தூக்குங்கள், அவரிடம் போய்ச் சொல்கிறேன்!

ஒன்று. இரண்டு. அங்கே ஓர் அம்மா, மூன்று.

அவ்வளவுதானா?

இன்றைய வர்ணனையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு வேண்டாம், மாஷே. கை தூக்கிய மூவருக்கும் நன்றி. தூக்காத எல்லோருக்கும் வணக்கம். இன்று பந்து பறக்கும். சொல்ல ஆளில்லை.