பொறுமையக்காவின் உப்புச் சீஸ்கேக்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சனிக்கிழமை அடுப்பகத்தின் செயலாளர் கணக்கு டீச்சர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கும் கண்டக்டர் மாமா அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் குடியிருப்புவாசிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மைக்கின் முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. கடைசி வரிசையில் என் கணவர் மடியில் இருக்கும் கைக்குழந்தை எந்த நேரமும் அழலாம். அழுதால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? ஊர் குடிக்கும் தண்ணீரைப் பணி ஓய்வு வரை பரிசோதனைக் கூடத்தில் சோதித்த ஒரு பெண்மணியை! ஓய்வு பெற்ற கையோடு, இந்தக் கூடத்தின் பின்கட்டுச் சமையலறையில் ஓவன் போட்டு நம் அத்தனை பேரையும் சேர்த்த தலைவியை! சாலைச் சிக்னலில் நிற்கும்போதுகூடப் பொறுக்காமல் கால் தட்டுகிறவர் அவர். ஆனால் கேக் வேகும்போது யாராவது ஓவன் கதவில் கை வைத்தால், "பொறு!" என்று ஓர் அதட்டல் வரும். அதனால்தான் அவர் நமக்கெல்லாம் பொறுமையக்கா ஆனார்.

இரங்கல் கூட்டத்தில் நிம்மதி என்ற சொல்லைச் சொல்லலாமா? தெரியவில்லை. ஆனால் எனக்கு இன்று துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சீஸ்கேக் என்றால் என்ன? பிஸ்கட் பொடி, வெண்ணெய், க்ரீம் சீஸ், சர்க்கரை, முட்டை. அவ்வளவுதான் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். அவர் விட்டாரா? ஒரு வாரம் பிஸ்கட்டுக்குப் பதில் ரஸ்க். அடுத்த வாரம் வறுத்த ஓட்ஸ். பிறகு க்ரீம் சீஸில் பாதியைக் குறைத்துவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர். ஒருமுறை காபி, ஒருமுறை இஞ்சி, ஒருமுறை ஸ்ட்ராபெரிக்கு மேலே மிளகுத்தூள்! ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். "ரெண்ட மாத்தினா எதனால நல்லா வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? எதனால கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்பார். பரிசோதனைக் கூடத்துப் புத்தி அது.

நான் இங்கே வந்து சேர்ந்தபோது என் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான். அது மூச்சுவிடுகிறதா என்று மணிக்கொரு தரம் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். ஓவனை மட்டும் சும்மா விடுவேனா? கதவைத் திறந்து திறந்து பார்த்ததில் என் முதல் கேக் நட்டநடுவில் பிளந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். "எதுக்குடி அழற? வெடிப்புன்னா என்ன, பழக்கூழ் ஊத்தறதுக்கு வழி கிடைச்சிருக்கு. ஊத்து!" ஊற்றினேன். அன்றைக்கு முதலில் தீர்ந்தது என் கேக்தான்.

பிறகு அந்த நோய் வந்தது. மருந்து அவருடைய நாக்கின் ருசியை அடியோடு எடுத்துவிட்டது. தேனுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கலங்கினாரா? கலங்கியிருப்பார், நம்மிடம் காட்டவில்லை. "இனிமே நீங்கதான் என் நாக்கு. உள்ளதைச் சொல்லுங்க, போதும்" என்றார். சரி என்று தலையாட்டினோம்.

நாம் என்ன செய்தோம், அவையோரே? முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு, நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறவரிடம் யாருக்குக் குறை சொல்ல மனம் வரும்? ரஸ்க் போட்டால் அருமை. ஓட்ஸ் போட்டால் அற்புதம். கருகினாலும் பிரமாதம்!

எல்லோரையும் விட்டுத்தள்ளுங்கள். அக்காவின் கணவர், நம் கண்டக்டர் மாமாவே புகழ்ந்தார்! கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியின் சீஸ்கேக்கைச் சோப்பு என்று சொல்லி வந்தவர், வாயெல்லாம் பல்லாக, "தேன்மா, தேன்!" என்றார்.

அங்கேதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. அவரே என்னிடம் பிறகு சொன்னார்: "இந்த மனுஷனே புகழறாருன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம். உசுரோட இருக்கறவளுக்கு யாராவது இப்படிப் பொய் சொல்வாங்களா?"

மறு சனிக்கிழமை ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்ட ஒரு கேக் வந்தது. பார்க்க அப்படி ஓர் அழகு! கணக்கு டீச்சர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஆஹா, புது ருசி!" என்றார். பல் டாக்டர், "பல்லுக்கும் நல்லது" என்றார். மாமா, "இன்னொரு துண்டு வை" என்றார். நானும் ஒரு வாய் வைத்தேன். நல்லா இருக்குக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகம் கேட்டால்தானே? கண் சுருங்கி, மூக்கு கோணி, கண்ணீரே வந்துவிட்டது.

சர்க்கரையே இல்லை அதில். கரண்டி நிறைய உப்பு!

அக்கா மேசையைத் தட்டினார். "எங்க கூடத்துல தண்ணி சோதிக்கும்போது, வேணும்னே அழுக்குத் தண்ணி ஒரு பாட்டில் சேத்து வைப்போம். அதையும் நல்ல தண்ணின்னு மிஷின் சொல்லிச்சுன்னா, தப்பு தண்ணியில இல்ல, மிஷின்ல. இங்க இருக்கற அத்தனை மிஷினும் ரிப்பேர்! இவ ஒருத்தி மூஞ்சியத் தவிர."

 பிறகு பல் டாக்டர், "தண்ணி இருக்கா?" என்று கேட்டார் பாருங்கள், கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பொறுமையக்கா. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "உன்னை நோகடிக்க வேண்டாம்னுதான்மா..." என்று இழுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே என்னை நோயாளியா பாக்குதுங்க. நீங்களும் அப்படிப் பாத்தா நான் எங்க போவேன்?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. மாமாவுக்கு உண்மையிலேயே பிடிக்கிற ஒரு சீஸ்கேக். பாவப்பட்டுச் சாப்பிடுவது இல்லை, பிடித்துச் சாப்பிடுவது. அது நடக்குமா, அதுவரை அவர் இருப்பாரா என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலையாக இருந்தது.

மாமா பழைய மாமாவாகத் திரும்பி வந்தார்! "திகட்டுது." சர்க்கரை குறைந்தது. "வாயில ஒட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது, விசில் அடிச்சாத்தான் இறங்கும் போல." க்ரீம் சீஸ் குறைந்து கெட்டித் தயிர் கூடியது. "அடியில ருசியே இல்ல." உப்பு பிஸ்கட்டோடு வறுத்த வேர்க்கடலை சேர்ந்தது. ஒவ்வொரு குறைக்கும் அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்ன சொல்ல! கடைசியில் சர்க்கரையைக் கருக்கி, ஆரஞ்சுச் சாறு விட்டுப் பாகாக்கி மேலே ஊற்றினோம். அக்காவுக்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல, நான் கிண்டினேன்.

மாமா சாப்பிட்டார்.  இரண்டாவது துண்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, ஒண்ணுமே சொல்லலியே?"

"வாயில இருக்குல்ல. இரு!"

அக்கா, பொய் சொல்லத் தெரியாத என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, "அப்பாடா" என்று சாய்ந்துகொண்டார். அந்த வாரத்தில் ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வலியில்லாமல். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டு. நிம்மதி என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு மாமா சரியாகச் சாப்பிடவில்லை. யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி மூடி வைத்துவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருந்தது. இன்று காலை, வெடிக்காமல் இருக்க வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்துச் சுட்ட ஒரு சீஸ்கேக்கை நானே எடுத்துப்போனேன். ஒரு வாய் எடுத்தார். மென்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடியில நமத்துப் போச்சே. வெந்நித் தட்டுல வெச்சிருப்பே, தண்ணி உள்ள போயிருக்கு. பாத்து செய்ய மாட்டியா?"

திட்டிக்கொண்டே முழுத் துண்டையும் சாப்பிட்டார்! திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை நான்.

எனவே, பொறுமையக்கா அவர்களே, உங்கள் முன்னால் எங்கள் உறுதிமொழி இது. ஓவன் அணையாது. வருகிற சனிக்கிழமை அடிப்பாகத்தைத் தனியே சுட்டு, ஈரம் ஊறாமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு பூசி, மறுபடி சுட்டு எடுப்போம். கேக்கை வெந்நீர்த் தட்டுக்குள் வைக்காமல், அந்தத் தட்டை ஓவனின் கீழ் அடுக்கில் தனியே வைப்போம். வேண்டாம், அது இரண்டு மாற்றம். வெந்நீர்த் தட்டை மட்டும் இறக்கி வைக்கிறோம்.

முதல் துண்டு கண்டக்டர் மாமாவுக்கு. அவர் என்ன குறை சொல்கிறாரோ, அதுதான் எங்களுக்கு அடுத்த வாரத்து வேலை. வணக்கம்.