வாளியில் ஒரு மனுஷமீன்

— வாளிய மூடுங்க சம்பந்தியம்மா. செத்ததப் பக்கத்துல வச்சுக்கிட்டா கல்யாணத் தேதி குறிக்கிறது?

— குறிக்கலாம் சம்பந்தி, அவசரமில்ல. ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. காலைல தண்ணி மொள்ளப் போனேன், ஊத்துக்கண் வாயில மல்லாந்து கெடந்துச்சு.

— மனுஷமீன்தானே? பெரிய மழை பேஞ்சா குகைக்குள்ளருந்து அடிச்சுக்கிட்டு வர்றது புதுசா? டிராகன் குட்டி வந்துருச்சுன்னு எங்க அம்மா பயமுறுத்தித்தான் எனக்குச் சோறூட்டுவா.

— வரும். ஆனா உசுரோட வரும். வாளியில எடுத்து வச்சிருந்து, வெள்ளம் வடிஞ்சதும் ஓட்டைக்குள்ளயே திருப்பி விட்ருவோம். எங்க மாமியார் காலத்துலருந்து இந்த வீட்டு வழக்கம் அதான். இந்த வருஷம் வந்ததெல்லாம் பொணம்.

— வயசாயிருக்கும். விடுங்க விடுங்க.

— இதுக்கா வயசு? மனுஷன மாதிரி நூறு வருஷம் இருக்குற சீவன். கையப் பாருங்க, குட்டிக் கை, மூணே மூணு விரலு, கண்ணுதான் கெடையாது. பச்சக் கொழந்தைத் தோலு. இது மீனே இல்லையாம், சாலமாண்டர் சாதியாம், என் பொண்ணு நேஷா படிச்சுட்டு சொல்றா. என்னவோ போங்க, தூக்கி வாளியில போடுறப்ப கொழந்தையத் தூக்குன மாதிரி மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

— பாத்துட்டேன். மூடுங்க, ஆண்டவர் சாட்சியா நான் வந்தது கல்யாணப் பேச்சுக்கு. உங்க நேஷாவக் கட்டிக்கணும்னு என் மகன் காஷ்பெர் நெருப்பு மேல நிக்கிறான். நல்ல சேதியோட வாங்கப்பான்னு அனுப்பி வச்சிருக்கான்.

— மூடியாச்சு. காப்பி போடட்டுமா?

— வேண்டாங்க. டாக்டர் காப்பியத் தொடாதேன்னுட்டார்.

— சூப்பு சூடா இருக்கு.

— இப்பத்தான் சாப்ட்டு மலை எறங்குனேன்.

— வால்நட் ரொட்டி?

— ஆங், அத வெட்டுங்க. கூட கொஞ்சம் ஒயினும் இருந்தா…

— இல்லாமலா? இந்தாங்க, ஜாடியில தண்ணி இருக்கு, கலந்துக்குங்க.

— வெறும் ஒயினே போதும்.

— அதென்ன சம்பந்தி? போன கோடையில பாதிக்குப் பாதி கலந்து குடிச்சீங்க. "இந்தச் சல்கா வீட்டுத் தண்ணிகிட்ட ஒயினே தோத்துரும்"னு சொல்லி, ஜாடியக் கவுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சீங்களே!

— ஒடம்பு மாறிப்போச்சும்மா. தண்ணி கலந்தா சளி புடிச்சுக்குது.

— பத்து வருஷம் எரையே இல்லாமக் கெடக்குமாம் இந்த மனுஷமீனு. நீங்க அத மிஞ்சிருவீங்க போலருக்கு.

— கேலி பண்ணாதீங்க. தேதியப் பேசுவோமா?

— பேசுவோம். கேளுங்க சம்பந்தி, அறுப்பு முடிஞ்சதுலருந்து எங்க ஊத்து நாறுது. மாடு தொட்டிகிட்ட போய் மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துருது. தொவைச்ச வெள்ளைத் துணிய மூஞ்சிகிட்ட கொண்டு போக முடியல.

— மழைத் தண்ணிதானே, மலைக்குள்ள எங்கெங்கயோ சுத்தி வருது. எங்கருந்து வருதுன்னு யாரு கண்டா?

— நீங்க கண்டீங்களே! நிச்சயதார்த்தத்தன்னைக்கி நீங்கதானே எந்திரிச்சு நின்னு அந்த வாத்துக் கதையச் சொன்னீங்க?

— எந்த வாத்து?

— அட ராசா! உங்க தாத்தாவோட வாத்து. உங்க கொட்டாய்க்குப் பின்னால இருக்குற பாழும் பள்ளத்துல விழுந்து, மலைக்குள்ளயே நீந்தி, எங்க தொட்டியில வந்து எந்திரிச்ச வாத்து. எறகெல்லாம் போயி மொட்டையா வந்துச்சு. அத எங்க பெரியவர் தூக்கிக்கிட்டு மலையேறி வந்து குடுத்தாரு, அன்னைலருந்து ரெண்டு வீடும் ஒண்ணு. "மேல விழுந்தது கீழ வந்து சேரும், என் பையனும் அப்படித்தான் இந்த வீட்டுல விழுந்தான்"னு சொல்லி ஊரையே சிரிக்க வச்சீங்க.

— அன்னைக்கிக் குடிச்சிருந்தேன்.

— கதை பொய்யா?

— பொய்யில்ல.

— பள்ளம் இருக்குல்ல இன்னும்?

— இருக்கு.

— அதுல இப்ப என்ன விழுது?

— …ரொட்டி நல்லா வந்திருக்கு சம்பந்தியம்மா.

— போன ஞாயித்துக்கிழம கோயில் வாசல்ல வச்சு எங்க ஊரே உங்க பேரச் சொல்லுச்சு. "மேல இருக்குற ஒஷ்பே பன்னிய ரெட்டிப்பாக்கிட்டான், கழிவெல்லாம் எங்க போவுது?"ன்னு கேட்டாங்க. நான் சண்டைக்குப் போனேன். "எங்க சம்பந்தி வீட்டப் பேசினா நாக்க அறுத்துருவேன்"னேன். மாதா முன்னால நின்னு சொன்னேன்.

— நீங்க ஏன்மா எனக்காக…

— அதனால இப்ப ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இந்த டம்ளரு, இந்த ஜாடி. ஒரு மடக்குக் குடிங்க. "ஒஷ்பே என் வீட்டுத் தண்ணியக் குடிச்சாரு, குத்தமுள்ளவன் குடிப்பானா?"ன்னு ஊர் வாய அடச்சுட்டு வர்றேன். குடிச்ச கையோட தேதியக் குறிச்சுருவோம்.

— குடுங்க. தண்ணிதானே.

— இந்தாங்க சம்பந்தி. சிந்தாமக் குடிங்க.

— முடியலம்மா.

— வாய்கிட்ட கொண்டு போயிட்டீங்க.

— முடியல. வச்சுர்றேன். ஆண்டவர் சாட்சியா… அவரு பேரச் சொல்லக்கூட யோக்கியத இல்ல எனக்கு. நாந்தான். பன்னிக் கழிவுக் குழி நெறஞ்சு முத்தத்துல ஓட ஆரம்பிச்சுது. காஷ்பெருக்கு மாடி கட்டணும், மருமக வர்றதுக்குள்ள முடிக்கணும்னு கண்மண் தெரியாமப் பன்னிய வாங்கி அடச்சுட்டேன். வேற வழி தெரியல. ஒரு குழாயப் போட்டுப் பள்ளத்துல விட்டுட்டேன்.

— விடுறப்ப வாத்து ஞாபகம் வரலையா?

— வந்துச்சு. அதான் வெக்கக்கேடு. மொதல்ல அதுதான் ஞாபகம் வந்துச்சு. "எவ்வளவு பெரிய மலை, போற வழியிலயே கரைஞ்சுரும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

— தெரிஞ்சேதான் என் பொண்ணு குடிக்கட்டும்னு விட்டீங்க. உங்க வீட்டுக்கு வெளக்கேத்த வரப்போறவ.

— ஒவ்வொரு தடவையும் நேஷா டம்ளரோட வந்து நிக்கிறப்ப செத்துப் பொழச்சேன். காறித் துப்புங்க, தொடச்சுக்கிறேன். இந்த வாளியில கெடக்குறதுக்குக் கண்ணு இல்ல, தெரியாமச் செத்துச்சு. எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு.

— குழாய எப்ப எடுப்பீங்க?

— இன்னைக்கே. போன ஒடனே புடுங்கிப் போடுறேன். பாதிப் பன்னிய வித்துர்றேன். மாடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஊருக்கு நானே வந்து சொல்றேன், கோயில் வாசல்லயே சொல்றேன்.

— சொல்லுங்க. அதுக்கப்புறம் தேதி பேசுவோம்.

— ஒரே ஒரு பிச்சை சம்பந்தியம்மா. காஷ்பெருக்கு மட்டும் இது தெரிய வேணாம். நான் தப்பே பண்ணமாட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். ஊர் முன்னால குனிஞ்சுருவேன், அவன் முன்னால முடியாது.

— சம்பந்தி, இந்த ஜாடியில இருக்குறது ஊத்துத் தண்ணியே இல்ல.

— என்ன சொல்றீங்க?

— கடைத் தண்ணி. காப்பி, சூப்பு எல்லாம் அதுதான். அறுப்பு முடிஞ்சதுலருந்து உங்க காஷ்பெர்தான் வாராவாரம் கேன் கேனாக் கொண்டாந்து எறக்குறான், ஏன்டான்னு கேட்டா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிர்றான்.