வெண்டெல் பாஸ்டர் பிடித்த கை

— அந்தக் கதைய இன்னைக்கு மட்டும் சொல்லாத, வெண்டெல். அதான் கேட்க வந்தேன்.

— அது கதை அன்று, ஓரெஸ்ட். என் சாட்சி. பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். பத்து நிமிடத்தில் ஆராதனை தொடங்கும். பிறகு பேசுவோம், சகோதரா.

— சகோதரனா? பதினெட்டு வருஷத்துல ஒரு தடவ என் வீட்டு வாசல மிதிச்சிருக்கியா?

— வெட்கம் என்னைத் தடுத்தது.

— மைக்கப் பிடிச்சா அந்த வெட்கம் எங்கய்யா போகுது? “ஐஸ் ஹாக்கியில என் பேரு சம்மட்டி, ஓரெஸ்ட ஆட்டக்களத்துச் சுத்துப் பலகையோட சேத்து நசுக்கினேன்”னு சொல்லித்தான கூட்டம் சேக்குற!

— அந்தக் கூட்டம்தான் கடுங்குளிரில் எண்பது பேருக்குச் சூப் ஊற்றுகிறது. சிறையிலிருந்து வருகிறவனுக்குப் படுக்கை தருகிறது. அந்தச் சாட்சியைக் கேட்டுக் கத்தியைக் கீழே போட்டவர்கள் இருக்கிறார்கள்.

— உன் சூப்ப நான் குத்தம் சொல்லல. என் மக டாரியாவே சனிக்கிழமையானா இங்கதான் உருளைக்கிழங்கு உரிக்கிறா. போன வாரம் உன் சாட்சியக் கேட்டுட்டு வந்து அழுதா. “உங்கள நொறுக்கினவரையே மன்னிச்சீங்களே அப்பா, விட்டுட்டுப் போன அம்மாவ ஏன் மன்னிக்க மாட்டேங்கிறீங்க?”ன்னு கேக்குறா. இன்னைக்கும் மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. நான் அவளுக்கு என்ன சொல்ல?

— உண்மையைச் சொல். மன்னித்தாய் என்று சொல்.

— நானா? எப்போ?

— அன்றைக்கே, ஆஸ்பத்திரியில். தொண்டையில் குழாய், நீ பேச இயலாத நிலை. முழங்காலிட்டு உன் கையைப் பிடித்து அழுதேன். நீ என் விரல்களை இறுக்கினாய். அந்த அழுத்தமே என்னை ஊழியத்துக்கு அழைத்து வந்தது.

— எந்தக் கை?

— என்னடா கேள்வி இது!

— பார்றா, சம்மட்டி வெளிய வர்றான். கத்தாம சொல்லு. எந்தக் கை?

— இடக்கை! வலக்கையை உன் அம்மா விடவே இல்லையே. கண்ணை மூடினால் இன்றும் அந்தப் பிடி தெரிகிறது. போதுமா?

— போதும். இந்தக் கோட்டுப் பையில கிடக்குதே, இதான் அந்தக் கை. காலையில வலக்கையால தூக்கி உள்ள வெச்சேன். நீ பலகையில நசுக்கின அந்த நொடியிலேருந்து இதுல ஒரு விரல்கூட அசஞ்சதில்ல.