ஹெலி மினுக்குற வேலை

ஓம் மங்கை, இண்டைக்கும் ஆமிக் காம்புக்குள்ளதான் போயித்து வாறன். நிண்டுகொண்டு கதைக்காத, இரி கா. என்ட பொஞ்சாதி ஜொய்ஸ் கோயிலுக்குப் போயிரிக்கா. அவ வாறதுக்குள்ள கதைச்சு முடிப்பம்.

என்ன வேலையா? பறக்க ஏலாத பழைய ஹெலிகொப்டர் ஒண்டக் கொண்டாந்து வெச்சிரிக்கானுகள். திருத்தி, கொழும்பு மியூசியத்துல வைக்கப் போறானுகளாம், பள்ளிக்கூடப் புள்ளைகள் பாக்க. தகர வேலைக்கு லயனல் பாஸ் நான்தான் வேணுமாம். வாவியில வலை போட்ட சனத்தச் சுட்டது இதுவோ, இதுக்கு அண்ணனோ தம்பியோ, ஆருக்குத் தெரியும்? கீழ இருந்து வெடி பட்ட ஓட்டையெல்லாம் நான் அடைக்கணும். மறுகா, உப்புக்காத்துல பூத்துப்போன இடமெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கணும். நம்மட வீட்டு விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்ல கா. அதக் குளிப்பாட்ட இரிக்கு!

நானெங்க சிரிக்கன்? வாய் அப்பிடிப் போகுது.

கேட்டன் கா. கேக்காம இரிப்பனா? சுற்றிவளைப்புல உன்ட மகன் அழகரத்தினத்தையும் என்ட மகன் சார்ள்ஸையும் ஒரே ட்றக்குலதானே ஏத்தினவங்க. காம்புப் பெரியவர் நல்ல மனிசன் மாதிரித்தான் கதைப்பார், தேத்தண்ணியும் தருவார். அப்பிடி ஆரையும் நாங்க புடிக்கல்ல பாஸ், எண்டுவார். நானும் தலையாட்டித்து, தேத்தண்ணியக் குடிச்சித்து, திரும்ப வேலைக்குப் போவன். என்னில எனக்கு வாற ஆத்திரம் சொல்ல ஏலா.

ஓம், எப்பவோ முடிஞ்சிரிக்க வேண்டிய வேலைதான். நான்தான் இழுத்துக்கொண்டிரிக்கன். அடைச்ச தகரத்தப் புடுங்கித் திரும்ப அடைக்கன். சம்பளத்துக்கா? சீ, என்ன கதை கா இது.

மினுக்குறதுக்குச் சாக்குச் சாக்காப் பழந்துணி கொண்டாந்து கொட்டுறானுகள். விரிச்சுப் பாத்தா முழுக்க ஆம்பிளைப் புள்ளைகள்ட சட்டை.

இந்தா, இதப் புடி. சோத்துப் பாசலுக்க ஒளிச்சுத்தான் கொண்டு வந்தன், கறி பட்டிரிக்கு, குறை நினைக்காத. உள்பக்கத்தப் பாரு. அடையாள அட்டை துலையாம இரிக்க, நெஞ்சுப் பக்கமா ஒரு பை. பச்சைச் சீலைத்துண்டு. நீ தெச்சதுதானே?

அழு கா. நல்லா அழு. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமத்தான் அந்தக் கோதாரி ஹெலியப் பத்தியே கதைச்சித்திரிந்தன்.

ஜொய்ஸுக்கு மட்டும் சொல்லிராத. நான் நாளைக்கும் போகணும். சார்ள்ஸ்ட சட்டை இன்னும் சாக்குல வரல்ல.